ஒரு சினிமா மாலையும் ஒரு டம்ளர் வெள்ளமும்

(முதியோர் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது. ஆண்டுவிழா மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



முதியோர் ஞாயிறு மாலையில் பேச வேண்டும் என்று ஐயரம்மா கேட்டபோது, நர்ஸ் என்பதால் இரத்த அழுத்தம், சர்க்கரை, வழுக்கி விழாமல் நடப்பது எப்படி என்று பேசச் சொல்கிறார்கள் என்றே நினைத்தேன். "அதெல்லாம் போன வருஷம் பேசியாச்சு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு சினிமாவுக்குப் போனீர்களே, அதைப் பேசுங்கள்" என்றார்கள். கோவிலில் சினிமாவைப் பற்றிப் பேசுவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் வளர்ந்த வீட்டில், சினிமாவுக்குப் போனவர்கள் அடுத்த ஞாயிறு திருவிருந்துக்குப் போகுமுன் நன்றாக யோசிக்க வேண்டும் என்று பாட்டி சொல்வார்கள். பாட்டி இன்று இருந்தால் இந்த மலரை வாங்கியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டதற்குக் கீழ்ப்படிந்து சொல்கிறேன். சினிமாவைப் பற்றிக் கொஞ்சம், அப்பாவைப் பற்றிக் கொஞ்சம், நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் கொஞ்சம்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் மார்த்தாண்டம் பக்கம். நெய்யூரில் நர்சிங் படித்தேன். 2004இல் இந்த நாட்டுக்கு வந்தேன். படித்தது அங்கே, வேலை செய்வது இங்கே என்பதால், ஒவ்வொன்றையும் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருந்தது. ஊரில் நோயாளியைச் சுற்றிப் பத்து சொந்தக்காரர்கள் நிற்பார்கள். டாக்டர் அவர்களிடம் பேசுவார். இங்கே நோயாளியிடம்தான் முதலில் கேட்க வேண்டும். அதைப் பழக எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. வார்டில் பழகிவிட்டேன். வீட்டில் பழகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மா ஆண்டவரிடம் போனபின், 2023 செப்டம்பரில் அப்பாவை ஆறு மாத விசிட்டர் விசாவில் அழைத்து வந்தேன். அப்போது அவர்களுக்கு வயது 75. 1967இல் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்ட். காக்கிச் சட்டை போட்ட அப்பாவின் போட்டோ எங்கள் வீட்டுச் சுவரில் உண்டு. வருடத்தில் ஒருமுறை நாகர்கோவில் மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய சோப்பும் பிளாஸ்க்கும் உண்டு. ஆனால் போர்க் கதை ஒன்றும் கிடையாது. மற்ற வீட்டு அப்பாக்கள் எல்லாம் 1971இல் தாங்கள்தான் பாகிஸ்தானை வென்றதாகச் சொல்வார்கள். எங்கள் அப்பா, "நான் மருந்துப் பெட்டி தூக்கினேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. அப்பா தூங்கும்போது தலைமாட்டில் ஒரு டம்ளர் வெள்ளம் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். அதைக் குடிப்பதில்லை. காலையில் செடிக்கு ஊற்றுவார்கள். யார் வீட்டுக்கு வந்தாலும், மீன்காரம்மா வந்தாலும், பேச்சுக்கு முன்னால் வெள்ளம் கொடுக்க வேண்டும். மறந்தால் எங்களுக்கு ஏச்சு விழும். அப்பாவின் குணம் அப்படி என்று நினைத்து வளர்ந்தோம்.

இனி சினிமா. அதன் பெயர் 'தி கிரேட் எஸ்கேப்பர்'. 2023 அக்டோபரில் இங்கே திரைக்கு வந்தது. உண்மைக் கதை. நம்மில் பலருக்கு அந்தச் செய்தியே நினைவிருக்கும். பெர்னார்ட் ஜோர்டன் என்பவர் இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர். பிற்காலத்தில் ஹோவ் நகரின் மேயராகவும் இருந்தார். 2014இல் அவருக்கு 89 வயது. மனைவியோடு ஹோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அந்த ஜூன் 6, நார்மண்டித் தரையிறக்கத்தின் 70ஆம் ஆண்டு நாள். 1944இல் அந்த ஒரே நாளில் ஏறக்குறைய 1,56,000 வீரர்கள் பிரான்சில் இறங்கினார்கள். ஜோர்டனும் அங்கே இருந்தவர். விழாவுக்குப் போகும் குழுவில் சேர அவருக்குக் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கவில்லை. முதல் நாள் காலை, பதக்கங்களின் மேல் ஒரு சாம்பல் நிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு இல்லத்தை விட்டு நடந்தார். போர்ட்ஸ்மவுத் போய்க் கப்பல் ஏறினார். அன்று மாலை இல்லத்தார் போலீசுக்குச் சொன்னார்கள். இரவில் ஓர் இளைய முன்னாள் வீரர் போன் செய்து, "அவர் என்னோடு பத்திரமாக இருக்கிறார்" என்று சொன்னபின்தான் எல்லாரும் மூச்சு விட்டார்கள். மறுநாள் உலகம் முழுவதும் செய்தி. அவருடைய 90ஆம் பிறந்தநாளுக்கு 2,500க்கும் மேற்பட்ட வாழ்த்து அட்டைகள் வந்தனவாம். அந்த டிசம்பர் 30ஆம் தேதி அவர் இறந்தார். ஒரு வாரத்துக்குள் மனைவியும் போய்விட்டார்.

படத்தில் அவராக வருபவர் மைக்கேல் கெயின். நடிக்கும்போது அவருக்கே 90 வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. இளவயதில் கட்டாய ராணுவச் சேவையில் கொரியப் போருக்குப் போனவர். மனைவியாக கிளெண்டா ஜாக்சன். இரண்டு ஆஸ்கர் வாங்கிய நடிகை. நடுவில் 23 வருடம் நடிப்பை விட்டுப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர். படம் வெளிவருமுன், அந்த ஜூனில் அவர் காலமானார்.

ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. பிள்ளைகள் வரமாட்டோம் என்றார்கள். அப்பாவுக்கு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு, அதன்மேல் மப்ளர், குல்லா எல்லாம் போட்டுக் கூட்டிப் போனேன். அரங்கில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலும் நரைத்த தலைகள். வரிசையின் ஓரத்தில் இரண்டு வாக்கர்கள் மடித்து வைத்திருந்தன. எனக்கு வார்டில் இருப்பது போலவே இருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரியும். விட்டுப்போனதைக் காதில் சொன்னேன்.

முதல் பாதி முழுவதும் நான் சிரித்தேன். கிழவர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு நைசாக வெளியே போகிறார், இல்லத்தில் ஆளாளுக்குத் தேடுகிறார்கள். அப்பாவிடம், "நான் அங்கே டியூட்டியில் இருந்திருந்தால் என் ரெஜிஸ்ட்ரேஷன் போயிருக்கும்" என்றேன். அப்பா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விழாவின் கொடிகளும் பெரிய மனிதர்களும் படத்தில் முக்கியம் அல்ல. அந்தக் கிழவர் ஏன் போனார் என்பதுதான் முக்கியம். தரையிறங்குவதற்கு முன் கப்பலில் பயந்துபோயிருந்த ஓர் இளம் வீரனிடம், எல்லாம் நல்லபடியாகும் என்று இவர் தைரியம் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவன் கரையேறிச் சற்று நேரத்தில் இவர் கண்முன்னே போய்விடுகிறான். அவன் கொடுத்த ஒரு சின்னத் தகரப் பெட்டியை இவர் 70 வருடம் வைத்திருக்கிறார். பயணத்தில் சந்திக்கும் ஒரு பணக்கார விமானப்படைக்காரருக்கும் அப்படி ஒன்று உண்டு. தான் குண்டு போட்ட நகரத்தில் தன் சொந்தச் சகோதரன் இருந்தான் என்பது அவருடைய பாரம். அதைக் குடியில் கரைக்கப் பார்க்கிறார். மது அருந்தும் இடத்தில் பழைய ஜெர்மானிய வீரர்கள் சிலர் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கிழவர் அவர்களிடம் போகிறார். பெரிய வசனம் ஒன்றும் இல்லை. கிழட்டுக் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பிறகு பாயூ நகரத்துக் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ், காமன்வெல்த் வீரர்களுக்கு பிரான்சில் உள்ளவற்றிலேயே பெரியது அது. 4,000க்கும் மேற்பட்ட கல்லறைகள். நானூறுக்கும் அதிகமான ஜெர்மானியரும் அங்கேயே படுத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் அப்பா என் கையைப் பிடித்தார்கள். எனக்கு நினைவு தெரிந்து அப்பா என் கையைப் பிடித்தது சாலை கடக்கும்போது மட்டும்தான். நாடித்துடிப்பு வேகமாக இருந்தது. பழக்க தோஷத்தில் நான் அதைத்தான் முதலில் எண்ணினேன்.

வெளியே மழை. காரில் ஏறி ஹீட்டரைப் போட்டேன். வண்டியை எடுக்க விடவில்லை.

"மக்களே, நீ நர்சுல்லா. ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கப்பா."

"வயித்திலே குண்டு பட்டவனுக்கு வெள்ளம் கொடுக்கலாமா?"

அப்படித்தான் அந்தக் கதை 52 வருடம் கழித்து வந்தது. 1971 டிசம்பர். மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதி. பசந்தர் ஆற்றைக் கடக்க வேண்டும். அந்தப் பக்கமெல்லாம் கண்ணிவெடி புதைத்த வயல்கள். அப்பா ஒரு பட்டாலியனின் எய்ட் போஸ்ட்டில் இருந்தார்கள். காயம்பட்டவர்களுக்கு முதல் கட்டுப் போட்டு, பின்னால் உள்ள டிரெஸ்ஸிங் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். ஒரு ராத்திரி, நம் பக்கத்துப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் காயம். வண்டி வரத் தாமதம். "அண்ணே, கொஞ்சம் வெள்ளம்" என்று கேட்டானாம். அந்த இடத்தில் 'வெள்ளம்' என்ற சொல் அப்பாவுக்கு மட்டும்தான் புரிந்தது. வயிற்றில் காயம்பட்டவனுக்கு வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பா கொடுக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போனதும் தருவாங்க" என்று சொன்னார்கள். அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு கேட்கவில்லை. வண்டி வந்தபோது அவன் இல்லை.

உடனே எனக்குள் இருந்த நர்ஸ் எழுந்துகொண்டாள். வார்டில் குடும்பத்தாருக்கு விளக்கும் அதே குரலில் விளக்கினேன். "நீங்கள் செய்தது சரிதான் அப்பா. குடல் கிழிந்திருந்தால் குடித்தது வயிற்றுக்குள் கசியும். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். இன்றைக்கும் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். வாய்வழியாக ஒன்றும் கிடையாது."

அப்பா தலையசைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "உதட்டை நனைக்கலாமா?" என்றார்கள்.

நான் யோசிக்கவில்லை. "நனைக்கலாமே. ஈரப் பஞ்சால் நனைப்போம்" என்றேன்.

"ஓ" என்றார்கள். வைப்பர் இரண்டு மூன்று முறை போய் வந்தது. "பஞ்சு இருந்துது" என்றார்கள்.

அன்பானவர்களே, நர்ஸாக இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. எத்தனையோ கெட்ட செய்திகளை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கேள்விக்குச் சரியான விடை சொல்லி ஒரு மனிதரை இப்படிக் காயப்படுத்தியது அன்றுதான். அப்பா மருத்துவ விதியைக் கேட்கவில்லை. அந்த விதி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் கேட்டது வேறொன்று. அது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். நான் வண்டியை எடுத்தேன். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துப் படுத்தோம். தலைமாட்டில் டம்ளர் இருந்தது. அன்றுதான் அதை முதல்முறையாகப் பார்த்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் அதை ஒரு துக்கமான மாலை என்று சொல்லி விட்டுவிடலாம். முடியவில்லை.

நவம்பர் வந்தது. இந்த நாட்டில் நவம்பர் 11ஐ ஒட்டி வரும் ஞாயிறு போரில் இறந்தவர்களின் நினைவு நாள். ஊர் ஊராக நினைவுத் தூணருகே கூடி, 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். 1918இல் முதல் உலகப் போர் நின்ற மணி அது. கடைகளில் காகிதப் பாப்பிப் பூக்கள் வந்ததுமே அப்பா ஒன்று வாங்கிக்கொண்டார்கள். "ஞாயித்துக்கிழமை நானும் போய் நிக்கட்டா?" என்று கேட்டார்கள். "வேண்டாம் அப்பா. குளிர். நெஞ்சில் சளி இருக்கிறது. எனக்கு லாங் டே. லண்டனில் நடப்பதை டிவியில் காட்டுவார்கள், வீட்டிலேயே பாருங்கள்" என்றேன். சரி என்றார்கள். அந்தச் 'சரி'யை நான் நம்பினேன்.

அந்த ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வார்டுக்குப் போன் வந்தது. என் கணவர். "மாமாவைக் காணோம்." மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், டிராலியைப் பூட்டும்போது கை நடுங்கியது. பொறுப்பில் இருந்த சிஸ்டர் நல்லவர், போகச் சொன்னார். யூனிபாரத்தின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். பாதி வழியில்தான் நினைவுத் தூண் ஞாபகம் வந்தது.

அங்கே இருந்தார்கள். முன்னாள் வீரர்களின் வரிசையில் கடைசி ஆளாக. என் கல்யாணத்துக்குத் தைத்த பிளேசர். இடது நெஞ்சில் மூன்று பதக்கங்கள். பஷ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கம். ஊரிலிருந்து ஊறுகாய்க்கும் அரிசி மாவுக்கும் நடுவில் அவற்றைப் பொதிந்து கொண்டுவந்தது எனக்குத் தெரியாது. மௌனம் முடிந்திருந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. அவருடைய கம்பளி நழுவியதை அப்பா குனிந்து சரிசெய்து, முழங்காலுக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நர்சுகள் செருகுவது போலவே.

அந்தக் காட்சியைப் பார்த்து நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. "உங்களுக்குப் புத்தி இருக்கா? சொல்லாம கொள்ளாம வந்தா என்ன அர்த்தம்? நான் வேலையை விட்டு ஓடி வாறேன்" என்று தமிழில் கத்தினேன். அங்கே ஒருவருக்கும் மொழி தெரியாது. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. அந்தத் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறியதும் பதக்கங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, பையில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

படம் பார்த்தபோது சிரித்தேனே, அதை நினைத்தேன். ஜோர்டன் இருந்த இல்லத்தைப் பற்றி முதலில் பத்திரிகைகள் ஏதேதோ எழுதின. ஆனால் அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள்: அவரை யாரும் தடுக்கவில்லை, அவர் விரும்பியபடி வெளியே போய் வருபவர்தான் என்று. என் வீட்டில் அப்பாவுக்கு அந்தச் சுதந்திரம்கூட இல்லை.

இந்த நாட்டில் 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வேலையில் எங்களுக்கு அதில் பயிற்சி உண்டு. அதன் அடிப்படை எளிது. வயது வந்த ஒருவருக்கு, மாறாக நிரூபிக்கப்படும் வரை, தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் திறன் உண்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நமக்குப் புத்தியற்றதாகத் தோன்றும் ஒரு முடிவை எடுக்கிறார் என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லக்கூடாது. தேர்வு எழுதிப் பாஸ் செய்திருக்கிறேன். வார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். என் அப்பாவுக்கு அது பொருந்தும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நாம் அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அன்பில்லாமல் இல்லை. ஆனால் அதில் பாதி நம்முடைய பயம். ஏதாவது ஆகிவிட்டால் ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம்.

மூன்றாம் நாள் இரவு, ஷிப்ட் முடிந்து வந்து, அப்பாவின் அறைக்குப் போனேன். டம்ளரில் வெள்ளம் நிறைத்து வைத்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். "போட்டு மக்களே" என்றார்கள். பிறகு, காரில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அந்தப் பையனுக்கு என்ன பேரு அப்பா?"

பெயரைச் சொன்னார்கள். அதை நான் இங்கே எழுதவில்லை; அது அப்பாவிடம் இருக்கட்டும். பிறகு பேசினார்கள். விளவங்கோடு பக்கத்துப் பையன். வாலிபால் நன்றாக ஆடுவான். சப்பாத்தி இறங்காது, சோறு போடும் நாளில் இரண்டு தட்டு தின்பான். எழுதப் படிக்கச் சுணக்கம். அம்மாவுக்கு அவன் கடிதத்தை அப்பாதான் எழுதிக் கொடுப்பார்கள். அதனால் அந்த அம்மாவுக்கு அப்பாவின் கையெழுத்து தெரியும்.

1972இல் லீவுக்கு வந்தபோது அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறார்கள். வெயிலில் நடந்து போனவருக்கு அந்த அம்மா முதலில் ஒரு செம்பு வெள்ளம் கொண்டுவந்து கொடுத்தார்களாம். "வாங்கிட்டேன். குடிக்க முடியலை. முற்றத்திலே ஊத்திட்டேன். அவங்க தப்பா நெனச்சாங்களோ என்னவோ." மகன் எப்படிப் போனான் என்று கேட்டதற்கு, "உடனே போயிட்டான் அம்மா, வேதனை ஒண்ணும் படலை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்களாம். நான் பிறப்பதற்கு முன்பே சொன்ன பொய். அதை 51 வருடம் ஒற்றைக்குச் சுமந்திருக்கிறார்கள். அம்மாவுக்கும் தெரியாது.

தாவீது ராஜாவின் கதை உங்களுக்குத் தெரியும். பெத்லகேம் ஊர்வாசல் கிணற்றுத் தண்ணீர் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று அவர் ஆசையாகச் சொல்ல, மூன்று வீரர்கள் எதிரியின் பாளயத்துக்குள் புகுந்து கொண்டுவருகிறார்கள். தாவீது அதைக் குடிக்காமல் ஆண்டவருக்கென்று ஊற்றிவிடுகிறார். உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்ததை நான் எப்படிக் குடிப்பேன் என்பது அவர் எண்ணம். ஞாயிறு பள்ளியில் படித்தபோது, பாவம், கஷ்டப்பட்டுக் கொண்டுவந்ததை ஊற்றிவிட்டாரே என்றுதான் எனக்குத் தோன்றும். அப்பா முற்றத்தில் ஊற்றியதைக் கேட்ட பிறகு அப்படித் தோன்றவில்லை. சில வெள்ளத்தைக் குடிக்க முடியாது.

அன்று இரவு இரண்டு மணி வரை பேசினார்கள். நான் சரி என்றோ தப்பு என்றோ ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

டிசம்பரில் ஒருநாள் பிரைட்டன் பவிலியனுக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை, வருகிறீர்களா என்று கேட்டுத்தான். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்திய வீரர்களுக்கு 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை அந்த அரண்மனைதான் ஆஸ்பத்திரி. சரவிளக்குகளுக்குக் கீழே வரிசையாகக் கட்டில்கள் போட்ட படங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவரவர் வழக்கப்படி சமைக்கத் தனித்தனிச் சமையலறைகள். குடிநீருக்குக்கூட இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குழாய்கள். நான் வாசித்துச் சொன்னேன். அப்பா அந்தக் கட்டில் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்கள். "வெள்ளம் கொடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னார்கள்.

போர் மனிதனுக்குள் செய்யும் காயத்துக்கு மருத்துவம் பெயர் வைத்ததே தாமதமாகத்தான். 1915இல் சார்ல்ஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை மருத்துவ இதழில் எழுதினார். அப்போது அதைக் கோழைத்தனம் என்றவர்களும் உண்டு. இன்று நாம் பி.டி.எஸ்.டி. என்று சொல்வது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பெற்றது 1980இல்தான். அப்பாவுக்கு அந்த நோய் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. தலைமாட்டில் ஒரு டம்ளர் வைப்பது நோயல்ல. ஆனால் பேச ஆள் இல்லாத துக்கம் எங்காவது ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சிலருக்குத் தூக்கத்தில், சிலருக்குக் குடியில், சிலருக்கு ஒரு டம்ளரில்.

இதை வாசிக்கும் உங்களிடம் மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. உங்கள் வீட்டில் வயதானவர் இருந்தால், அவருக்காக ஒன்றைத் தீர்மானிக்கும் முன் அவரிடம் கேளுங்கள். குளிருக்குக் கோட்டு போடலாம், கூடப் போகலாம், போனில் நம்பரைப் பதித்துக் கொடுக்கலாம். 'வேண்டாம்' என்று சொல்வதற்கு முன்னால் இப்படி எத்தனையோ வழிகள் இருக்கின்றன. அன்று நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு கூடப் போயிருக்கலாம். என் கணவரைக் கூட அனுப்பியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை.

இரண்டு. நம் சபையில் என்னைப் போலக் குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தவர்கள் அதைவிட அதிகம். அவர்கள் சீருடை போட்டவர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் பார்த்த போரை நாங்கள் பார்த்ததில்லை. சமையல் கூடத்தில் பக்கத்தில் நின்று வடை சுடும் அக்காவிடம் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தோண்டித் துருவிக் கேட்கச் சொல்லவில்லை. அது இன்னொரு கொடுமை. அவர்களாகப் பேசத் தொடங்கினால் கடிகாரத்தைப் பார்க்காமல் உட்காருங்கள். அவ்வளவுதான்.

மூன்று. கேள்வி வந்தவுடன் விடை சொல்லாதீர்கள். நர்சாக இருந்தாலும், டாக்டராக இருந்தாலும், மூப்பராக இருந்தாலும். ஒருவர் சரியா தப்பா என்று கேட்கும்போது, பெரும்பாலும் அவர் கேட்பது தீர்ப்பை அல்ல. அந்த ஆளின் பெயரை யாராவது கேட்க மாட்டார்களா என்பதையே.

அப்பா போன பிப்ரவரியில் ஊருக்குத் திரும்பினார்கள். இங்கேயே இருங்கள் என்று கேட்டேன். "வீடு பூட்டிக் கெடக்கு" என்றார்கள். இந்த முறை நான் வாதாடவில்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போன் செய்வேன். சென்ற வாரம் பேசும்போது, அந்த அம்மா எப்போதோ காலமாகிவிட்டார்கள், தம்பி ஒருவர் அந்த வீட்டில் இருக்கிறார், டிசம்பரில் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன் என்றார்கள். போய் என்ன சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை.

"வெள்ளம் கொடுத்தா குடிச்சிடுங்க அப்பா" என்று மட்டும் சொன்னேன்.

"பாக்கலாம் மக்களே" என்றார்கள்.

ஆண்டவர் நம் சபையின் முதியோர் ஒவ்வொருவரையும் காப்பாராக.